படம் கறுத்தால் பிளக்கைப் பாருங்கள்

டிவியில் சொருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று கறுத்துப்போகும். கொஞ்சம் பொறுத்தால் கம்பெனி லோகோ வரும், மறுபடி முதலிலிருந்து. உடனே வைஃபையைத் திட்டுவோம். வைஃபை பாவம். படம் நின்று வட்டம் சுற்றினால் பெரும்பாலும் நெட் கோளாறு. கறுத்துப்போய் லோகோ வந்தால், பெரும்பாலும் கரண்ட் போதவில்லை.

ஸ்டிக்கின் ஒயரை எங்கே சொருகியிருக்கிறீர்கள்? டிவிக்குப் பின்னாலுள்ள யூஎஸ்பி துளையிலா? பல டிவிகளில் அதில் அரை ஆம்பியர்தான் வரும். ஸ்டிக்குக்கு அதைப்போல இரண்டு பங்கு வேண்டியிருக்கும். சிம்மில் வைத்த அடுப்பில் கல்யாணப் பானையை ஏற்றின கதைதான். மெனு வரைக்கும் தாங்கும். படம் ஓட ஆரம்பித்ததும் தள்ளாடும்.

கூடவே வந்த அடாப்டர் அட்டைப்பெட்டியிலேயே தூங்கும், எங்கள் வீட்டில் தூங்கியது போல. அதை எடுத்துச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். டிவியில் அல்ல, சுவர் பிளக்கில்.