வாராத விருந்தினர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விடுமுறை கிடைத்தால் நாம் ஊருக்கு ஓடுகிறோம், ஓட வேண்டியதுதான். எனினும், நாம் பிழைக்க வந்த இவ்வடநாட்டில் ஒரு நாளேனும் குடும்பத்தோடு கண்டு களிக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. தில்லியிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் மதுராவுக்கு அப்பால் உள்ள பரத்பூரே அது. குளிரில் வருந்தி நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரின் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம், நாரையைக் காட்டினோமா?

பரத்பூர்ப் பறவைக் காட்டுக்குக் கேவலாதேவ் என்று பெயர். அக்காட்டினுள் கோயில் கொண்ட சிவபெருமானின் திருநாமம் அது. பரப்பு 29 சதுர கிலோமீட்டர்தான். மன்னர்கள் தாழ்நிலத்தில் நீரைத் தேக்கி வாத்து வேட்டைக்கென அமைத்தார்கள். 1938ஆம் ஆண்டு வைசிராய் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அக்கணக்கைக் கல்லில் வேறு பொறித்திருக்கிறார்கள்! பின்னர் சாலிம் அலி போன்ற அறிஞர்களின் முயற்சியால் அது காப்பிடமாயிற்று. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று.

அதிகாலையில் சைக்கிள் ரிக்‌ஷாவில் செல்வதே சிறப்பு. ஓட்டுபவரே வழிகாட்டியும் ஆவார். நம் கண்ணுக்குக் கிளையாகத் தோன்றுவதை அவர் ஆந்தை என்பார், உற்று நோக்கினால் ஆந்தைதான். நீரில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள்; இமயத்தைக் கடந்து வந்த பட்டைத்தலை வாத்துகள். யாவற்றினும் மேலாகச் சாரசக் கொக்கு. ஆள் உயரம், சிவந்த தலை. பறக்கும் பறவைகளுள் அதனினும் உயரமானது வேறில்லை. ஆணும் பெண்ணும் கழுத்தை நிமிர்த்தி மாறி மாறிக் கூவும்போது பேச்சு நின்றுவிடும்.

இனி, காண முடியாததையும் கூற வேண்டும். சைபீரிய வெண்கொக்குகள் 1960களில் ஏறத்தாழ 200 அங்கு வந்தனவாம். ஆப்கானிஸ்தான் வழியாக வரும் நெடும்பயணத்தில் வேட்டைக்கு இரையாகி ஆண்டுதோறும் குறைந்தன. 2002ஆம் ஆண்டுக்குப் பின் ஒன்றும் வரவில்லை. நம்மில் சிலர் அதற்கு முன்பே இவ்வழியே எத்தனையோ முறை ஊருக்குப் போய் வந்திருக்கிறோம். பரத்பூரில் இறங்கியவர் எவர்?

தண்ணீர்ச் சிக்கலும் உண்டு. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின் காட்டுக்கு நீர்வரத்துச் சுருங்கியது. உழவர்க்கும் நீர் வேண்டும், நாரைக்கும் வேண்டும். எளிதில் தீரும் வழக்கன்று. நீர் வற்றிய ஆண்டுகளில் பறவைகளும் வருவதில்லை.

ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். மார்கழியிலும் தையிலும் மூடுபனியால் வண்டிகள் தாமதமாகும். இதனை இரயில்வே ஊழியனாகிய நானே சொல்லலாகாது! உரத்த பேச்சு வேண்டா. புளியோதரைப் பொட்டலத்தைக் காட்டினுள் பிரித்தால் குரங்குகள் பந்திக்கு வந்துவிடும். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் சங்கத்தின் சார்பில் சென்று வரலாமெனச் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயர் தர விரும்புவோர் விழா முடிந்ததும் என்னைக் காணலாம்.