காத்து நம்ம ஊர் காத்து, நிலம் நம்ம நிலம். பங்கு மட்டும் யாருக்கு?

(கரிசல் பூமி உழவர்களிடையே நம் கட்சி சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைகாசி பொறந்தா நம்ம பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்கள் வழியா நெருக்கியடிச்சு உள்ள வருது. அதை நம்பித்தான் 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை நட்டாங்க. இன்னைக்குத் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிருச்சு. முப்பந்தல், கயத்தாறு, உடுமலைன்னு எங்க திரும்பினாலும் காத்தாடிதான்.

இதை நாம எதிர்க்கவில்லை. நிலக்கரி வேண்டாம், சாம்பல் இல்லை, புகை இல்லை. அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, இதோட அருமை தெரியும்.

நம்ம கேள்வி வேற. அந்தக் காத்தாடி நிக்கிற மண்ணு யாரோடது? மழை பொய்த்த வருஷம், மகள் கல்யாணம், கூட்டுறவுக் கடன்னு கை நெருக்கடியில் இருந்தப்ப தரகர் வந்தார். "மானாவாரிக் காடுதானே, இதுல என்ன விளையும்?"னு கேட்டு அடிமாட்டு விலைக்கு முடிச்சுட்டுப் போனார். வித்தவருக்கு ஒருமுறை பணம் வந்தது, அதோடு சரி. காத்தாடி மட்டும் வருஷா வருஷம் சம்பாதிச்சுக்கிட்டே இருக்கு.

இதை இப்ப ஏன் பேசணும்? காரணம் இருக்கு. அன்னைக்கு நட்டது 225, 250 கிலோவாட் காத்தாடிகள். இன்னைக்கு வர்றது 2,000 கிலோவாட்டுக்கும் மேல. எட்டு பழசு செஞ்ச வேலையை ஒரே புதுசு செய்யும். பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்க 2024-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கு. அப்படின்னா நம்ம ஊர்களில் மறுபடியும் நிலப் பேச்சு, பாதைப் பேச்சு வரும். ஒருமுறை ஏமாந்தது போதும்!

நாம கேட்பது நாலே நாலு:

1. புதுசா நிலம் தேவைப்பட்டால் கிரயம் வேண்டாம், குத்தகை போதும். ஆண்டு வாடகை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உயர்வு, ஒப்பந்தம் தமிழில், முறையான பதிவோடு.

2. பழைய காத்தாடி எடுத்த பிறகு சும்மா கிடக்கும் நிலத்தை, வித்த குடும்பத்துக்கே முதலில் கேட்டுக் கொடுக்கணும். விலைக்கோ, சாகுபடிக் குத்தகைக்கோ.

3. இறக்கை ஏத்தின பெரிய லாரிக்குப் பாதை போடறோம்னு ஓடையை மூடக் கூடாது, வண்டிப்பாதையை மறிக்கக் கூடாது. ஓடையை மூடினா கண்மாய்க்குத் தண்ணி எப்படி வரும்? பயிர் அழிஞ்சா அந்தப் பருவத்திலேயே இழப்பீடு.

4. ஐடிஐ படிச்ச நம்ம பிள்ளைகளுக்குக் காவலாளி வேலை மட்டும் போதாது. காத்தாடி மேல ஏறிப் பழுது பார்க்கும் வேலைக்குப் பயிற்சி கொடுத்து எடுக்கணும்.

இதைப் படிக்கிற நண்பர்களே, லைக் போட்டதோட நிக்காதீங்க. யார் வந்து கையெழுத்து கேட்டாலும் பத்திரத்தை முழுசா வாசிக்காம போடாதீங்கன்னு உங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட சொல்லுங்க. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போங்க, இந்த நாலையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுதுற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. நம் கட்சித் தோழர்கள் உங்க பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாங்க.