பாடத்தின் அமைப்பைக் காட்டுவோம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே படித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றுபவன் நான். கல்வியைப் பற்றிப் பேச ஆசிரியப் பெருமக்களுக்கே உரிமை மிகுதி. எனினும், ஞாயிறுதோறும் நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் குழந்தைகளோடு அமர்ந்து வருவதால், ஒரு செய்தியை உங்கள்முன் வைக்கத் துணிகின்றேன்.

நம் காலனிக் குழந்தைகள் வீட்டிலே தமிழ் பேசுகின்றனர். பள்ளியிலே இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். கதையைக் கொடுத்தால் எந்த மொழியிலும் விரும்பி வாசிக்கின்றனர். சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் என்று செய்தி கூறும் பாடம் வந்தவுடன் தடுமாறுகின்றனர். வேறு வழி அறியாது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் உருப்போடுகின்றனர். வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டால், உருப்போட்டது கைகொடுப்பதில்லை. மதிப்பெண் குறைகிறது. "மூன்று மொழிச் சுமை தாங்கவில்லை" என்று பெற்றோர் கவலையுறுகின்றனர். அச்சுமையில் அவர்கள் முதலில் இறக்கி வைப்பது எதனை? தமிழை!

அன்பர்களே, குறை பெரும்பாலும் மொழியில் இல்லை. பாடம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் குழந்தைக்கு எவரும் காட்டவில்லை; அதுவே குறை. கதையின் ஒழுங்கைப் பாட்டியிடம் கேட்டுக் கேட்டே குழந்தை அறிந்து கொள்கிறது. செய்திக் கட்டுரைக்கும் ஒழுங்குகள் உண்டு. அவற்றை நாம்தான் சுட்டிக்காட்ட வேண்டும். 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நூலுக்குரிய பத்து அழகுகளுள் முறைப்பட வைத்தலையும் ஒன்றாக நன்னூலில் எண்ணியுள்ளார். எழுதுவோனுக்கு அழகாக அமைவது, படிப்போனுக்கு வழிகாட்டியாகிறது.

பெரிதும் காணப்படும் ஒழுங்குகள் ஐந்து. நம்மில் பலர் இராமேசுவர யாத்திரையில் கடந்த பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வருணனை. பாலம் நிலப்பரப்பையும் தீவையும் இணைக்கிறது. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியும் அதில் உண்டு. இது "எத்தகையது?" என்னும் வினாவுக்கு விடை.

இரண்டாவது, கால வரிசை. பழைய பாலம் 1914இல் திறக்கப்பெற்றது. 1964இல் புயலால் சிதைந்தது. 2007இல் அதன்மீது அகலப் பாதை வந்தது. 2022இல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பெற்றது. "எதன்பின் எது?" என்பது இங்கே வினா.

மூன்றாவது, ஒப்பீடு. பழைய பாலத்தில் இரு பகுதிகள் இருபுறமும் மேல்நோக்கிப் பிரிந்து திறக்கும். அவற்றை ஆட்கள் கையால் இயக்கினர். புதிய பாலத்திலோ ஒரே பகுதி செங்குத்தாக மேலெழும்புகிறது. இயந்திரமே அதனை உயர்த்துகிறது.

நான்காவது, காரணமும் விளைவும். 1964 டிசம்பர் 22 இரவு கடும்புயல் வீசிக் கடல் பொங்கியது. அதனால் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் ரயில் ஒன்று அலைவாய்ப்பட்டது. பாலத்தின் கர்டர்கள் பல கடலில் வீழ்ந்தன.

ஐந்தாவது, இடர்ப்பாடும் தீர்வும். தீவுக்கு ரயில் தொடர்பு அற்றது இடர்ப்பாடு. கடலில் வீழ்ந்த கர்டர்களை மீட்டெடுத்துப் பொருத்தியது தீர்வு. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அவ்வேலை முடிந்தது.

பாலம் ஒன்றே; கட்டுரைகளோ ஐந்து. எவ்வொழுங்கில் உள்ளது என்பதைக் கண்டுகொண்ட குழந்தை, எதனை நினைவிற்கொள்ள வேண்டும் என்பதையும் கண்டுகொள்கிறது. கால வரிசையாயின் ஒரு கோடு கிழித்து ஆண்டுகளைக் குறிக்கட்டும். ஒப்பீடாயின் இரு பத்திகள் உள்ள அட்டவணை வரையட்டும். காரண விளைவாயின் அம்புக்குறி இடட்டும். இரண்டு பக்கப் பாடம் கையகலத் தாளில் அடங்கிவிடும்.

"முதலில்", "பின்னர்" என்பன வரிசையைக் காட்டும். "ஆனால்", "மாறாக" என்பன ஒப்பீட்டைக் காட்டும். "ஆகையால்", "ஏனெனில்" என்பன காரண விளைவைக் காட்டும். ஆயினும் சொல்லை மட்டும் நம்பலாகாது. "புயலுக்குப் பின்னர் ரயில்கள் நின்றன" என்னும் வாக்கியத்தில் இருப்பது வரிசைச் சொல், உணர்த்தப்படுவதோ காரணம். எனவே, "இந்தப் பத்தி எந்த வினாவுக்கு விடை கூறுகிறது?" என்று குழந்தையைக் கேட்பதே சிறந்த வழி. ஒரே பாடத்தில் இரண்டு மூன்று ஒழுங்குகள் கலந்து வருவதும் உண்டு. பத்தி பத்தியாகக் கேட்டால் அதுவும் தெளிவாகும்.

இதற்குத் தாய்மார்கள் இந்தியோ ஆங்கிலமோ கற்றிருக்க வேண்டுவதில்லை. பாடத்தைக் குழந்தை தமிழில் எடுத்துச் சொல்லட்டும். நீங்கள் அந்த வினாவை மட்டும் கேளுங்கள். பிறகு அதே ஒழுங்கில், நம் காலனியைப் பற்றியோ சமையலைப் பற்றியோ ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். தானே கட்டிப் பார்த்த ஒழுங்கு எளிதில் மறவாது.

தமிழில் "ஆகையால்" என்பதே இந்தியில் "இஸ்லியே"; ஆங்கிலத்தில் "தேர்ஃபோர்". சொல் வேறாயினும் அது செய்யும் வேலை ஒன்றே. வீட்டு மொழியில் ஒருமுறை தெளிவாகக் கண்ட ஒழுங்கைக் குழந்தை மற்ற மொழிகளிலும் அடையாளம் கண்டுகொள்ளும். ஆகவே, பள்ளிப் படிப்புக்குத் தமிழ் இடையூறு என்று எண்ணாதீர்கள். அதனைத் துணையாகக் கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு முதல் குழந்தைகள் தம் பள்ளிப் பாடப் புத்தகத்தையும் நம் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். எந்த மொழிப் புத்தகமாயினும் ஆகுக. அதன் அமைப்பைத் தமிழில் பேசித் தெளிவோம். அனுப்பி வைக்குமாறு பெற்றோர் அனைவரையும் பணிவுடன் வேண்டி அமர்கின்றேன்.