பேதிக்காலத்துக் குடல்வால்



ஆதிச்சநல்லூருக்கு வந்து பேசுகிறவர்கள் எலும்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். 1876இல் ஜெர்மானியரான ஜாகர் இந்தப் பறம்புக்கு வந்தார். 1899க்கும் 1905க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்தார். மண்டையோடு, இரும்பு, வெண்கலம், பொன்பட்டம் எல்லாம் கிடைத்தன, நெல்லுமியும் கிடைத்தது. அந்த மக்கள் என்ன உண்டார்கள் என்பதற்கு உமி சாட்சி. அதைச் செரித்த குடலுக்குச் சாட்சி ஏது? தாழிக்குள் முதலில் மட்கிப்போவது அதுதான். அந்தக் குடலின் ஒரு நுனியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வலது அடிவயிற்றில், விரல் நீளத்துக்குத் தொங்குவது குடல்வால். ஒரு முனை அடைபட்ட குழாய். 1871இல் டார்வின் இதை முன்னோரிடமிருந்து மிச்சம் வந்த, பயனிழந்த உறுப்பு என்று எழுதினார். பிறகு அறுவை மருத்துவம் வளர்ந்தது. குடல்வாலுக்குக் கெட்ட பெயரும் வளர்ந்தது. ரீ இங்கே பணிசெய்த ஆண்டுகளின் நடுவே, 1902 ஜூன் 26இல் நடக்க இருந்த ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவையே அவரது சீழ்பிடித்த குடல்வால் ஆகஸ்ட் 9 வரை தள்ளிப்போட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருத்துவர் டிரீவ்ஸ் சீழை மட்டுமே வடித்தார், குடல்வாலை எடுக்கவில்லை. மன்னர் அதோடுதான் முடிசூடினார்.

2007இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொலிஞ்சரும் பார்க்கரும் வேறொரு விளக்கம் சொன்னார்கள். நம் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகள் பிசினைப்போல ஒரு படலம் கட்டி அதற்குள் குடியிருக்கின்றன. குடல்வாலில் இந்தப் படலம் செழிப்பாக இருக்கிறது. வாய் குறுகல், மறுமுனை அடைப்பு, உணவுச்சக்கை ஓடும் பாதையிலிருந்து ஒதுங்கிய இடம். கடும் பேதி பெருங்குடலை அலசிக்கொண்டு போனாலும் இந்த மூலைக்குள் இருப்பவை தப்பிவிடும். பிறகு வெளியே வந்து குடலை மறுபடி நிரப்பும். வெள்ளாமை பொய்த்த வருஷத்திலும் விதைநெல்லில் கைவைக்காத சம்சாரிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மன்னர் முடிசூடிய லண்டனுக்கு ஏன் இது தெரியவில்லை? சுத்தமான குழாய்த் தண்ணீர் குடிக்கும் ஊரில் குடலை அலசிப்போகும் பேதி அபூர்வம். சேமிப்பு இருந்தாலும் செலவு இல்லை. நம் கரையை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியிலும் மன்னாரிலும் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிகாரர்களும் படகுச் சம்மாட்டிகளும் வியாபாரிகளுமாக ஆயிரக்கணக்கானோர் நல்ல தண்ணீர் இல்லாத மணலில் வாரக்கணக்கில் தங்கினார்கள். பக்கத்திலேயே சிப்பியை அழுகவிட்டு முத்தெடுத்தார்கள். அங்கே வாந்திபேதி அடிக்கடி அழையாமல் வந்த விருந்தாளி. குடல்வாலின் அருமையைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான களம் கிடையாது, சோதிக்கத்தான் ஆளில்லை.

ஆதாரம் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். பாலூட்டிகளின் பரிணாமத்தை ஆராய்ந்தவர்கள், குடல்வால் தனித்தனியாகக் குறைந்தது 29 முறை தோன்றியிருக்கிறது, மறைந்தது அதைவிட மிகக் குறைவு என்று 2017இல் கணக்கிட்டார்கள். வீணான ஒன்றை இயற்கை இத்தனை முறை செய்து பார்க்குமா? பிரான்சில் ஒரு விலங்குக்காட்சிசாலையின் மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்தபோது, குடல்வால் உள்ள குரங்கினங்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு குறைவாக இருந்தது. இளம் வயதில் அந்த வேறுபாடு கூடுதல். நிணநீர்த் திசு நிறைந்த குடல்வால் நமக்கும் இளமையில்தான் சுறுசுறுப்பு. பேதி அதிகமாகப் பலிவாங்குவதும் குழந்தைகளைத்தானே! அதேசமயம், குடல்வாலை எடுத்தவர்களுக்கு ஒருவகைக் குடல்தொற்று திரும்பத் திரும்ப வருகிறதா என்ற கேள்வியில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எடுத்தவர்கள் கோடிக்கணக்கில் நலமாகவே வாழ்கிறார்கள். ஆகவே இதை உயிர்நாடி என்று நான் சொல்லமாட்டேன். கஷ்டகாலத்துக் கையிருப்பு, அவ்வளவே.

மருத்துவமும் சற்று இறங்கி வந்திருக்கிறது. பின்லாந்தில், சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 39 பேருக்கு மறுபடி வந்தது. மற்றவர்கள் கத்தி படாமலே தப்பினார்கள். எது நல்லது என்பதை ஸ்கேன் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் குடல்வாலைக் காப்பாற்றுகிறேன் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் படுத்துவிடக் கூடாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்கம் கீழே இறங்கி நின்று, காய்ச்சலும் குமட்டலும் சேர்ந்தால், வயிறு சுத்தமாகட்டும் என்று நம் வீடுகளில் விளக்கெண்ணெயை எடுப்பார்கள். அது வீங்கிய குடல்வாலை உடைத்துவிடக்கூடும். சீழ் வயிறெங்கும் பரவும். பாட்டி எடுத்தாலும் தடுத்துவிட்டு, அன்றே ஸ்ரீவைகுண்டத்துக்கோ தூத்துக்குடிக்கோ வண்டி ஏறுங்கள்.