நிக்கலும் யூரியா மூட்டையும்

(கருங்குழியில் பேசியதின் சுருக்கம்)



வயலில் வீசும் யூரியா எங்கிருந்து வருகின்றதென்று கேட்டால் "கடையிலிருந்து" என்போம். அதற்கு மேல் கேட்பதில்லை. கேட்டால் மணலியில் போய் நிற்போம். அங்குள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை 1971-ல் உற்பத்தி தொடங்கியது.

யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வேண்டும். நைட்ரஜன் காற்றிலேயே இருக்கின்றது. ஹைட்ரஜன் சும்மா கிடைக்காது. எரிபொருளையும் நீராவியையும் கலந்து, நிக்கல் ஏற்றிய பீங்கான் வளையங்கள் நிரப்பிய குழாய்களில் சுமார் 800 டிகிரி சூட்டில் செலுத்திப் பிரிக்க வேண்டும்.

இதில் நிக்கல் செலவாவதில்லை. வேலையைத் துரிதப்படுத்திவிட்டுத் தான் அப்படியே நிற்கும். உடனே இதை அற்புதமென்று கும்பிட வேண்டாம். எரிபொருளில் சிறிது கந்தகம் இருந்தாலும் நிக்கல் செத்துப் போகும். நீராவி குறைந்தால் கரி படிந்து மூடிக் கொள்ளும். கந்தகத்தை முன்கூட்டியே நீக்குவதும், நீராவியைக் கூட்டுவதுமே பரிகாரம். இங்கு சாந்தி ஹோமம் பலிக்காது!

ஆனால் நமக்கொரு கவலை உண்டு. 2019 வரை நாப்தாவில் ஓடிய அவ்வாலை, பிறகு எண்ணூரில் கப்பல் மூலம் இறங்கும் அந்நிய எரிவாயுவுக்கு மாறியது. கப்பல் நின்றால் நமது நெல்லுக்கும் ஆபத்து. தவிர, இம்முறையில் 1 டன் ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 டன் கரியமில வாயு உண்டாகின்றது. வெயிலிலும் காற்றிலும் எடுத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் இவ்விரண்டு தொல்லையும் குறையும். விலைதான் இன்னும் இறங்க வேண்டும்.

அதை இறக்கும் மூளை கருங்குழியிலும் இருக்கலாம். ஆகவே ஆண், பெண் இரு பிள்ளைகளையும் இரசாயனம் படிக்க வையுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடிக்கின்றேன்.