அழுக்கென்று ஒதுக்கிய இரும்பு



மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரிசி மாவும் உளுந்தும் ஓமமும் எள்ளும் எந்த ஊரிலும் கிடைக்கும். ருசி வருவது இந்த மண்ணின் தண்ணீரில் இருக்கும் லேசான உப்பால்தான் என்று முறுக்குச் சுடுபவர்கள் அடித்துச் சொல்வார்கள். தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது காரியத்தையே மாற்றிவிடும் என்ற அந்தப் பேச்சோடு ஒட்டிய கதை ஒன்று வேதியியலிலும் உண்டு.

மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று 1800இல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் செய்து காட்டினார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியதுதான். சலவைச் சோடா கரைத்த ஒரு டம்ளர் தண்ணீர், இரு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். சாப்பாட்டு உப்பு மட்டும் கூடாது. போட்டால் குளோரின் கிளம்பி மூக்கை எரிக்கும். எதிர்முனையில் ஹைட்ரஜன் பொங்கி வரும். நேர்முனையில் ஆக்சிஜன் தயங்கித் தயங்கி வரும். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கி, இரண்டு அணுக்களைச் சேர்த்துவைக்க வேண்டும். மின்சாரம் அதிகம் வீணாவது இந்தத் தயக்கத்தில்தான்.

கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். ஆலைகளில் 1.8, 1.9 என்று போகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குப் பிரியும் தண்ணீர் 9 லிட்டர். ஆகும் மின்சாரம் ஏறக்குறைய 50 யூனிட். அதில் 0.1 வோல்ட் குறைத்தாலும் கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். அந்த மிச்சத்தைத் தருவது நேர்முனையில் படிந்திருக்கும் உலோக ஆக்சைடு என்னும் வினையூக்கி.

அமிலத்தில் கரையாமல் நின்று இந்த வேலையைச் செய்ய இரிடியம் ஆக்சைடுக்கு ஈடு அரிது. ஆனால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு வெட்டியெடுக்கும் இரிடியம் 7, 8 டன்தான், பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில். காரத்தில் வேலை செய்ய நிக்கல் போதும், விலையும் மலிவு. அந்த நிக்கலில்தான் ஒரு புதிர் இருந்தது.

நிக்கல் ஆக்சைடு பல நாள் காரத்தில் ஊறியபின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. கரைசலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இரும்பு இருந்தாலே விளைவு பெரிதாக மாறுகிறது என்று 1987இல் டென்னிஸ் காரிகன் எழுதினார். அதன் பிறகும் பல ஆய்வுகளில் நிக்கலுக்கே பெயர் போய்க்கொண்டிருந்தது. 2014இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பெட்சர் என்பவரின் ஆய்வுக் குழு ஒரு காரியம் செய்தது. நிக்கல் ஹைட்ராக்சைடையே காரக் கரைசலில் போட்டு, அதிலிருந்த இரும்பையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும்படி செய்து, சுத்தமான கரைசலில் மறுபடி அளந்தது. இரும்பு போனதும் நிக்கலின் வீரமும் போய்விட்டது! கடையில் வாங்கிய ரசாயனத்தில் அழுக்காக ஒட்டி வந்த இரும்புதான் அத்தனை நாளும் பாடுபட்டிருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில், நேர்முனைக்கு ஆக்சைடு பூசும் வித்தை தெரிந்த இடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. டைட்டானியத் தகட்டில் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய நேர்முனையை அங்கேயும் உருவாக்கினார்கள். காஸ்டிக் சோடா ஆலைகளில் தேய்ந்துகொண்டே போகும் கிராஃபைட்டுக்கு மாற்று அது. உப்புநீரில் அது விடுவது குளோரின். கடல்நீரை நேராகப் பிரிக்க முயல்பவர்களுக்குத் தலைவலி கொடுப்பதும் இந்தக் குளோரின்தான். முறுக்குக்கு ருசி கொடுக்கும் உப்பை, இங்கே முதலில் வடிகட்டி வெளியேற்றியாக வேண்டும்.

தண்ணீரைப் பிரிக்கும் வேலையைக் காலங்காலமாகச் செய்துவருபவை பச்சை இலைகள். நெற்பயிரின் ஒவ்வொரு தாளிலும் நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் கோத்த சிறு முடிச்சுகள் தண்ணீரைப் பிரிக்கின்றன. அந்த முடிச்சின் வடிவத்தை 2011இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அணு அணுவாகக் காட்டினார்கள். சுள்ளென்ற வெயிலில் அதைத் தாங்கும் புரதம் சீக்கிரமே சிதைந்துபோகும்; இலை சளைக்காமல் புதிதாகச் செய்து பொருத்திக்கொள்ளும். மனிதர் செய்த நேர்முனைக்கு அந்த அளவுக்குத் திறமை இன்னும் வரவில்லை.

வர வேண்டிய நேரம் இது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில், மணிக்கு 10 கன மீட்டர் தயாரிக்கும் சோதனை ஆலை தொடங்கியது. இந்த ஹைட்ரஜன் நம்பியிருக்கும் வெயில், காற்று மின்சாரம் நின்று நின்று வரும். நிற்கும்போது தண்ணீரைப் பிரிக்கும் கலத்துக்குள் மின்னோட்டம் திரும்பி ஓடி, ஆக்சைடுப் படலத்தைக் கெடுக்கும். இரும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். ஆயிரம் மணி நேரம் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது, போனதைத் திரும்பப் படியவைக்க முடியுமா என்று ஒவ்வொரு புது ஆக்சைடுக்கும் உட்கார்ந்து அளக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரு நிக்கல் வலை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நாள் தவறாமல் குறிப்பெடுக்கும் ஒரு ஆள் வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடிக் குடுவையைக் காரம் அரித்து, அதிலிருக்கும் இரும்பையும் கரைசலுக்குள் இழுத்துவிடும்.