பின்னால் அமர்ந்தவருக்கு மிஞ்சுவது

மணல்மேடு, காட்டுப்பாதை, பண்ணை நிலம் என்று சாலையே இல்லாத இடங்களில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட நான்கு சக்கர வண்டியை அமெரிக்காவில் ஏடிவி என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குவாட் பைக் என்கிறார்கள். இந்த வண்டி கவிழ்ந்தால், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். உயிர் பிழைத்தவர், அதிலும் ஓட்டாமல் உடன் வந்தவர், எஞ்சிய ஆயுளை எப்படிக் கழிக்கிறார் என்பது அதில் வராது. அதையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் மட்டுமே போக வேண்டிய வண்டியில் இன்னொருவரை ஏற்றுவதைச் சிறிய விதிமீறல் என்று ஒதுக்கிவிட முடியாது.

அதன் இருக்கை நீளமாக இருப்பதால் இருவர் உட்காரலாம் என்று தோன்றும். உண்மையில் அந்த நீளம் ஓட்டுபவருக்காகத்தான். மேடேறும்போது முன்னால் நகர்ந்தும், திருப்பத்தில் பக்கவாட்டில் சாய்ந்தும் அவர் தன் உடல் எடையாலேயே வண்டியின் சமநிலையைக் காக்க வேண்டும். பின்னால் ஓர் ஆள் ஏறினால் ஓட்டுபவர் நகர இடமில்லை. எடையும் பின்பக்கம் கூடிவிடுவதால் மேட்டில் வண்டி மல்லாந்து விழும் ஆபத்து அதிகம். ஓட்டுபவருக்குக் கைப்பிடி இருக்கிறது, வரப்போகும் குலுக்கலும் முன்பே தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இந்த இரண்டும் இல்லை. அவர் தூக்கியெறியப்படலாம், இருநூறு முந்நூறு கிலோ எடையுள்ள வண்டி அவர் மேலேயே விழவும் கூடும்.

அப்படி விழுந்தவரின் காயம் மருத்துவமனையில் தையல் பிரிப்பதோடு முடிவதில்லை. தலையில் அடிபட்டவருக்கு முதல் நாள் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் மறதி, கவனச்சிதறல், தீராத களைப்பு, காரணமற்ற கோபம் ஆகியவை பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கலாம். வெளியே காயம் தெரியாததால் வீட்டாரே இதைச் சோம்பல் என்று நினைத்துவிடுவதுண்டு. முதுகுத்தண்டு நரம்பு அறுபட்டால் கால்கள் செயலிழப்பதோடு நிற்காது. படுக்கைப்புண், சிறுநீர்த்தொற்று, சிறுநீரகப் பாதிப்பு எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நசுங்கிய மூட்டில் பல ஆண்டுகள் கழித்துத் தேய்மானம் வரலாம். குழந்தையின் எலும்பு வளரும் பகுதியில் முறிவு ஏற்பட்டால், வளர வளர ஒரு கால் குட்டையாகலாம். இந்தச் சுமையைச் சுமக்க வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டிவரும்.

'மெதுவாகப் போனால் என்ன?' என்று கேட்கலாம். இருவர் அருகருகே உட்காரும் யமஹா ரைனோ என்ற வண்டியைப் பற்றி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் வெளியிட்ட அறிவிப்பில் இதற்குப் பதில் இருக்கிறது. விசாரித்த ஐம்பதுக்கும் மேற்பட்ட விபத்துகளில் 46 பேர் இறந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கவிழ்ந்த விபத்துகள். கவிழ்ந்தவற்றில் பல, சமதளத்தில், குறைந்த வேகத்தில் திரும்பும்போது நேர்ந்ததாகத் தெரிகிறது என்கிறது ஆணையம். பலர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பதையும் அதே அறிவிப்பு சொல்கிறது. ஆகவே பயணிகள் மீதும் தவறு உண்டு என்பது நியாயமே. ஆனால் நிறுவனம் 2007-இலேயே கதவுகளும் கூடுதல் கைப்பிடிகளும் இலவசமாகத் தர முன்வந்தது. 2009-இல் சக்கர அமைப்பிலும் மாற்றம் செய்தது. பயணி பெல்ட் போட்டால் மட்டும் போதும் என்றிருந்தால் இந்த மாற்றங்களுக்கு அவசியமே வந்திருக்காது.

'பண்ணை வேலைக்கு இரண்டு பேர் போகத்தானே வேண்டும்?' என்பது இன்னொரு கேள்வி. போகட்டும், அதற்கென்று இரண்டு இருக்கையும் பெல்ட்டும் கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூடும் உள்ள வண்டிகள் இருக்கின்றன. அவற்றிலும் கவிழும்போது கையை வெளியே நீட்டினால் நசுங்கும் என்பதால், கதவை மூடி, கையை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். 'ஏறியவர் விரும்பித்தானே ஏறினார்?' என்பதும் முழு உண்மையல்ல. ஏறும் குழந்தைக்கோ விருந்தாளிக்கோ அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரியாது. வண்டிக்காரருக்குத் தெரியும், அதில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையிலும் அது எழுதியிருக்கிறது. சுற்றுலாத் தலத்தில் வாடகை வண்டி ஏறும் நேயர்களும், ஹெல்மெட் கேட்பதற்கு முன்னால், இது எத்தனை பேருக்கான வண்டி என்று கேளுங்கள். ஒருவருக்கு என்றால் இரண்டாமவர் இறங்கிக்கொள்வதே முறை.